பலகைக் கேக்

கொட்டாஞ்சேனை
3.2.1999

அன்பின் ஐறீன் அக்காவுக்கு,

நமசிவாயத்தார் வீட்டு ஹோலில் இருக்கும் போனில் கதைத்தால் வீடு முழுக்கக் கேட்கிறது என்று நீங்கள் சொன்னபடியால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை. கார்த்திகையில் நீங்கள் இருந்த அதே கதிரை, அதே யன்னல். திரும்பி வரும்போது வீட்டுக்காரப் பூமணி அக்கா என்னைப் படியில் மறித்தார். "உங்கடை அக்கா கீழையும் இறங்கிறதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கேல்லை எண்டுறா. அறை வாடைக்குக் குடுத்த எங்களுக்கு இது பயமாக் கிடக்கு." எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அத்தான் போய்விட்டார். வீடும் போய்விட்டது. இனி நீங்கள் இருக்கப்போவது கொழும்பில். இங்கே எல்லோரும் எதையாவது பழகுகிறார்கள். தையல், இங்கிலிஷ், கேக் ஐசிங். ஹியூபேட்டும் அதைத்தான் சொல்கிறார்: "உன்ர அக்கா பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிச்ச ஆள். இங்க வந்து சுவரைப் பாத்துக்கொண்டிருந்தா எப்படி?" சிங்களமும் கொஞ்சம் பழகுங்கள். தக்காளி வாங்குவதற்கும் யாராவது கூட வரவேண்டுமென்றால் எப்படி?

இன்னொன்று. நத்தாருக்கு ஹியூபேட்டோடு துறைமுகக் கந்தோரில் வேலை செய்கிறவர்கள் வந்தபோது உங்களை அறைக்குள் இருக்கச் சொன்னதை மனதில் வைக்காதீர்கள். அவர்களுக்கு யாழ்ப்பாணத்துக் கதை புதிது. கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள்.

எங்கள் றொஷானிக்கு ஆடியில் கலியாணம் முற்றாகியிருக்கிறது. ஐசிங் வகுப்பு விளம்பரம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

டோரின்


வெள்ளவத்தை
9.2.1999

டோரினுக்கு,

நத்தாரன்று என்னை அறைக்குள் இருக்கச் சொன்னது எனக்குத் தலையிடி என்பதற்காக என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எழுதியிராவிட்டால் அப்படியே நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. கதிரையில் இருப்பது நோய் அல்ல. எழும்பி எங்கே போவதென்று தெரியாததால் இருக்கிறேன். றோட்டில் இறங்கினால் அடையாள அட்டையைக் கேட்கிறார்கள். அதில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் முகம் மாறுகிறது. அந்த முகத்தை ஒரு நாளைக்கு எத்தனை தரம் பார்ப்பது?

ஆனாலும் பூமணி அக்கா உன்னைப் படியில் மறித்தது எனக்கு வெட்கமாக இருக்கிறது. விளம்பரத்தில் இருந்த இடம் பக்கத்து லேன். ஒரு வீட்டின் கராஜில் நடக்கிறது. நேற்றுப் போய்ப் பெயரைக் கொடுத்தேன்.

றொஷானிக்கு என் சந்தோஷத்தைச் சொல்.

அக்கா


வெள்ளவத்தை
28.3.1999

டோரினுக்கு,

படிப்பிக்கிறவளின் பெயர் மர்லியா. கொம்பனித்தெருவிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். என்னிடம் கடைசியாகக் கணக்குப் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். எல்லோரும் அவளை மிஸ் என்கிறார்கள். நானும் மிஸ் என்கிறேன். முதல் நாள் அந்தச் சொல் தொண்டையில் நின்றது.

கூடப் படிப்பவர்கள் லண்டனுக்கும் கனடாவுக்கும் கலியாணம் முடித்துப் போகக் காத்திருக்கும் பெண்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "அன்ட்டி, உங்களுக்கும் ஸ்பொன்சர் வருதா?" என்று கேட்டாள். கராஜ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன்.

வகுப்பு கிழமைக்கு ஒருநாள். மற்ற நாட்களில் அறையில் தனியாகப் பழகுகிறேன். ஐசிங் சீனி வாங்கிக் கட்டாது. கோதுமை மாவைத் தண்ணீரில் குழைத்து, ஒயில் பேப்பரைப் புனலாகச் சுற்றி அதற்குள் விட்டு, கவிழ்த்து வைத்த பிஸ்கட் தகரத்தின் மேல் பிழிகிறேன். பிழிந்ததை வழித்தெடுத்து மறுபடியும் பிழிகிறேன். முதல் மாதம் கோடு ஒன்றையே நேராக இழுக்க முடியவில்லை. கரும்பலகையில் அளவுகோல் இல்லாமல் கோடு போட்ட கை இது. ரோசாப்பூ ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டு போனேன். மர்லியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அன்ட்டி, இது ரோசா இல்ல, கோவா. இலை இலையா உரிச்சுக் கறி வெச்சாத் திங்கலாம்."

அறைக்கு எறும்பு வருகிறது என்று பூமணி அக்கா முறையிட்டார். இப்போது கட்டிலின் நான்கு கால்களும் தண்ணீர்ச் சிரட்டைக்குள் நிற்கின்றன.

சிங்களமும் பழகுகிறேன். றேடியோவில் முதலில் தமிழ்ச் செய்தியைக் கேட்டுவிட்டு, அதே செய்தியைச் சிங்களத்தில் கேட்பேன். முக்கால்வாசி விளங்குகிறது. வாயைத் திறந்தால்தான் ஒன்றும் வருவதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். பலநாள் யோசித்துத்தான் கேட்கிறேன். றொஷானியின் கலியாண மேசையில் அடுக்கி வைக்கும் கேக் ஸ்ட்ரக்சரை நான் செய்யட்டுமா? அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறொன்றும் இல்லை.

அக்கா


கொட்டாஞ்சேனை
11.4.1999

அன்பின் அக்கா,

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். கடைசிப் பந்திக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஹியூபேட்டின் தங்கச்சி கொள்ளுப்பிட்டியில் ஒரு கடையில் சொல்லிவைத்திருந்தார். துறைமுகத்துப் பெரிய ஆட்கள் வருவார்கள். கலியாண மேசையில் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். இப்போதுதான் பழகுகிற ஆளின் கைவேலையை அங்கே வைத்தால் என்ன கதைப்பார்கள் என்று ஹியூபேட் கேட்டார். றொஷானிதான் குறுக்கே வந்தாள். "பெரியம்மா செய்யட்டுமே டடி. சரிஞ்சா நான் பாத்துக்கொள்றன்."

ஆகவே செய்யுங்கள். மூன்று தட்டு, வெள்ளை மட்டும். கலர் பூ வேண்டாம். புறா வேண்டாம். கலியாணத்துக்கு முதல் நாள், ஜூலை 16ஆம் தேதி வெள்ளிக்கிழமை, ஹியூபேட் கந்தோர் நண்பரின் வான் வண்டியில் வந்து உங்களையும் அதையும் ஏற்றிக்கொண்டு வருவார்.

இன்னுமொன்று, கோபிக்காதீர்கள். யார் செய்தது என்று கேட்டால் "வெள்ளவத்தையில ஒரு ஆள்" என்றுதான் சொல்லப்போகிறேன். நன்றாக வந்தால் பிறகு உண்மையைச் சொல்லலாம்.

டோரின்


வெள்ளவத்தை
4.7.1999

டோரினுக்கு,

"வெள்ளவத்தையில ஒரு ஆள்" எழுதுகிறேன். ஸ்ட்ரக்சர் முடிந்துவிட்டது.

மூன்று பெட்டியும் ஒட்டுப்பலகையில் தச்சனிடம் செய்வித்தேன். உள்ளே வெறுமை, மேலே ஐசிங். விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் உண்மையான கேக்கை நீ துண்டாக வெட்டிப் பேப்பரில் சுற்றி வைத்திருப்பாய்தானே. பொம்பிளை மாப்பிள்ளை கத்தி வைப்பதற்கு மட்டும், அடித்தட்டின் பின்பக்கத்தில் ஒரு சிறு பெட்டகம் வெட்டி, அதற்குள் நல்ல கேக் துண்டு ஒன்றை இறுக்கி வைத்து, அதற்கு மேலும் ஐசிங் பூசியிருக்கிறேன். கத்தி அங்கேதான் போகவேண்டும். றொஷானிக்கு இதை மறக்காமல் சொல்லிவை.

கடற்காற்றில் ஐசிங் காய மறுக்கிறது. யன்னலை ஆணியடித்து மூடிவிட்டேன். வியர்த்துக் குளிக்கிறேன், ஆனால் பூ காய்கிறது. இப்போது அது ரோசாதான். மர்லியா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே போய் மற்றப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பூமணி அக்கா பக்கத்து வீட்டு ஆட்களைக் கூட்டிவந்து கதவடியில் நிறுத்திக் காட்டுகிறார்.

இந்த வயதில் ஒன்றைத் தொடக்கத்திலிருந்து பழகி முடித்தேன் என்பதை உன்னைத் தவிர வேறு யாருக்கு எழுதுவது?

அக்கா


கொட்டாஞ்சேனை
20.7.1999

அக்காவுக்கு,

கலியாணம் முடிந்தது. உங்கள் புண்ணியத்தில் அல்ல.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஹியூபேட் வெறும் வானோடு வந்து நின்றார். கொள்ளுப்பிட்டியில் பிரேக் அடித்ததில் மேல்தட்டு சரிந்ததாம். நீங்கள் அவரைக் கண்டபடி ஏசிவிட்டு, கேக்கையும் இறக்கிக்கொண்டு ஓட்டோ பிடித்துத் திரும்பிப் போனீர்களாம். அவருடைய தங்கச்சி ஓடித்திரிந்து ஒரு கடையில் வாடகை ஸ்ட்ரக்சர் பிடித்தார். ஒரு பக்கம் மஞ்சள் பூத்த பழைய சாமான். "நான் முதலே சொன்னதுதானே" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதையும் பொறுப்பேன். கோயிலுக்காவது வந்திருக்கலாமே? றொஷானி வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "பெரியம்மாவுக்குக் காய்ச்சல்" என்று அவளிடமும் பொய் சொன்னேன். ஒரு கேக் சரிந்ததற்குப் பிள்ளையின் கலியாணத்தையே விட்டுவிடுவதா?

டோரின்


வெள்ளவத்தை
24.7.1999

டோரினுக்கு,

நீ எழுதியது சரி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வராதது என் பிழை. றொஷானியிடம் காய்ச்சல் என்று சொன்னது நல்லது, அப்படியே இருக்கட்டும்.

வலது கை கொஞ்சம் சுகமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அக்கா


கொட்டாஞ்சேனை
3.8.1999

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் சண்டை பிடிப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். பிடிக்கவில்லை. நடந்ததை விடுவோம். யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

கலியாணக் கேக் துண்டுகள் கொஞ்சம் கந்தோர் ஆளிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஹியூபேட் கொண்டுவந்து தருவார் என்று நினைத்தேன், வெள்ளவத்தைப் பக்கம் போக நேரமில்லை என்கிறார். கலியாணக் களைப்பு. அவருக்குச் சாப்பாடும் சரியாக இறங்குவதில்லை.

இந்த மாதம் முடியும்வரை நீங்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. அவருடைய ஆட்கள் இன்னும் வந்துபோகிறார்கள்.

டோரின்


வெள்ளவத்தை
15.8.1999

டோரினுக்கு,

இதை எழுதாமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

வான் பிரேக் அடிக்கவில்லை. ஒரு பூ இதழும் உதிரவில்லை. ஹியூபேட் மிகக் கவனமாகத்தான் ஓட்டினார். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். இரண்டு பேரின் அட்டையையும் வாங்கினார்கள். ஹியூபேட்டின் அட்டையில் சிங்களவருக்கும் உள்ள பெர்னாண்டோ என்ற பெயர், பிறந்த இடம் கொட்டாஞ்சேனை. என் அட்டையில் யாழ்ப்பாணம். பின்கதவைத் திறந்து, "மேக்கே மொனவாத?" என்று கேட்டான் ஒரு ஆமிக்காரன். இதற்குள் என்ன என்று கேட்கிறான். "கேக்" என்றேன். எனக்கு அந்த நேரம் பெருமையாகக்கூட இருந்தது. அவன் சிரித்தான். சின்னப் பெடியன். "அப்பிட்டத் கேல்லக் தென்ன" என்றான். எங்களுக்கும் ஒரு துண்டு தா என்று பகிடிதான். கத்தியை எடுத்து முன்பக்கத்தில் குத்தினான்.

கத்தி பலகையில் நின்றது. அவன் தட்டிப் பார்த்தான். உள்ளே வெறுமையான பெட்டிச் சத்தம்.

டோரின், கேக் என்று சொன்ன சாமானுக்குள் கத்தி போகவில்லை, கொண்டுவந்தவள் யாழ்ப்பாணத்தாள். அவர்கள் எல்லோரும் பின்னால் பாய்ந்து துவக்கைத் தூக்கினார்கள். பின்பக்கத்தில் வெட்டுங்கள், அங்கே கேக் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பின்பக்கம் என்பதற்குச் சிங்களம் எனக்கு வரவில்லை. கையைக் காட்டினேன், கையை அசைக்காதே என்று கத்தினார்கள். ஹியூபேட் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அந்த ஆமிக்காரர் வீட்டுக் கலியாணங்களிலும் இதே பலகைப் பெட்டிதான், கேட்டவுடன் விளங்கியிருக்கும். அவரைப் பார்த்தேன். பொலிஸ்காரர் அவரிடம் யார் இவள் என்று கேட்டார்.

"ஹயர் எகக், சேர். மம மே நோனாவ அந்துரன்னே நே."

வாடகை ஓட்டம், இந்த நோனாவைத் தெரியாது. நீ பழகச் சொன்ன சிங்களம். ஒரு சொல்லும் தப்பாமல் விளங்கியது.

அவரைப் போகவிட்டார்கள். கேக்கை மண்மூட்டைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுத்தியலால் உடைத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத பெட்டியை ஏன் கொண்டுபோனாய் என்பது அடுத்த கேள்வி. என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். ஏற்றும்போது கதவில் கை நசுங்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூமணி அக்காவும் மர்லியாவும் ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தேடி அங்கே வந்தார்கள். வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தருகிற மாதிரியே மர்லியா அவர்களுக்கும் பலகை, ஐசிங், பெட்டகம் என்று ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொன்னாள். ஒரு பொலிஸ்காரர் தலையில் கைவைத்துச் சிரித்தார். விட்டார்கள்.

இனி உன் விஷயம். வீட்டுக்கு வந்ததும் பூமணி அக்கா சொன்னார்: "நான் வெள்ளிக்கிழமை பொழுதுபடவே டோரினுக்குப் போன் எடுத்தனான். நீங்கள் அங்கை வந்து சேர்ந்தியளோ எண்டு கேட்டனான். வரேல்லை எண்டா. இஞ்சையும் வரேல்லை எண்டு சொன்னனான். 'ஓம், ஓம், பாக்கிறம்' எண்டு வைச்சுப்போட்டா."

ஆகவே, நான் ஓட்டோ பிடித்து வீட்டுக்குத் திரும்பினேன் என்று நீ எழுதியபோது, நான் வீட்டுக்குத் திரும்பவில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் என் பிழை என்று பதில் எழுதினேன். பொலிஸில் இருந்ததைச் சொல்ல வெட்கம். உன்னுடைய வீட்டுக்குள் ஒரு விரிசலை நான் கொண்டுவரக் கூடாது என்றும் நினைத்தேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், நேற்று நமசிவாயத்தார் மேலே ஏறி வந்தார். உட்காரவில்லை. "டீச்சர், கோபிக்கக் கூடாது. பொலிஸிலை உங்கடை பேர் விழுந்திட்டுது. கொழும்பிலை பதிஞ்ச உங்கடை சொந்தக்காரர் ஆராவது வந்து, இவ எங்கடை ஆள் எண்டு ஸ்டேஷனிலை கையெழுத்து வைக்கட்டும். இல்லாட்டி மாதமுடிவிலை வேறை அறை பாருங்கோ." நல்ல மனிதர், பயந்துபோயிருக்கிறார். பொலிஸில் பெயர் விழுந்தவளுக்கு இந்த ஊரில் வேறு யார் அறை தருவார்கள்?

கொழும்பில் நான் போய்க் கேட்கக்கூடிய சொந்தம் நீங்கள் இரண்டு பேர்தான். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. யாராவது ஒருவர் வந்து, என்னைத் தெரியும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அக்கா


வெள்ளவத்தை
1.9.1999

டோரினுக்கு,

நீ பதில் போடவில்லை. ஹியூபேட்டை அனுப்பினாய். நீ அனுப்பித்தான் வந்தார் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை படியில் யாரோ ஏறி, பாதியில் நின்று, மறுபடி இறங்கி, மறுபடி ஏறுவது கேட்டது. கதவைத் திறந்தால் ஹியூபேட். என் முகத்தைப் பார்க்காமல், "மச்சாள், அட்டையை எடுங்க. போவம்" என்றார். ஸ்டேஷன்வரை நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால்.

மேசையில் இருந்த பொலிஸ்காரர் அவருடைய அட்டையை வாங்கிப் பார்த்தார். இவள் யார் என்று கேட்டார். "மகே நோனாகே அக்கா" என்றார் ஹியூபேட். என் மனைவியின் அக்கா. பொலிஸ்காரர் மறுபடி அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெர்னாண்டோ என்ற பெயருக்கும் எனக்கும் என்ன சொந்தம் என்ற யோசனை.

"மஹத்தயா தெமளத?"

நீ தமிழனா என்ற கேள்வி. ஹியூபேட் திரும்பிப் பார்த்தார். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அவர் கழுத்தைத் துடைத்தார். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டிருந்தால் அவரால் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றியது.

"ஒவ். தெமள."

பொலிஸ்காரருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே இருக்கவில்லை. கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டிவிட்டுக் கொட்டாவி விட்டார்.

வெளியே வந்ததும், "மச்சாள், அண்டைக்கு நான்..." என்று தொடங்கினார். "வேண்டாம் ஹியூபேட்" என்றேன். தேத்தண்ணி குடிப்போமா என்று கேட்டார். வகுப்பு இருக்கிறது என்றேன். அன்று வகுப்பு இல்லை. பஸ் நிற்கும் பக்கம் போகாமல் கடற்கரைப் பக்கம் நடந்துபோனார்.

அவரை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்டால் எனக்குத் தெரியாது. அறை இருக்கிறது. நமசிவாயத்தார் இன்று காலை என்னோடு சிரித்துக் கதைத்தார்.

உன்னைப் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. போன் விஷயம் அவருக்குத் தெரியுமோ தெரியாது. நான் சொல்லவில்லை.

அக்கா


கொட்டாஞ்சேனை
6.9.1999

அன்பின் அக்காவுக்கு,

நான் அவரை அனுப்பவில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் அவர் வந்ததே எனக்குத் தெரியும். அன்று றாகமையில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனவர். நல்லதைச் செய்யப் போகும்போதும் பொய் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அவ்வளவு வெட்கம்.

நான் செய்தது இதுதான். உங்கள் ஓகஸ்ட் கடிதத்தை அவருடைய சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டேன். அவர் அதை முழுக்க வாசித்தார். ஆகவே போன் விஷயமும் அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. உப்பு எங்கே, கதவுத் திறப்பு எங்கே, இவ்வளவுதான் கதை.

பூமணி அக்கா போன் எடுத்தபோது றொஷானிக்குக் கையில் மருதாணி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஹியூபேட்டின் தங்கச்சி என் பக்கத்திலேயே நின்று, "ஆரு அண்ணி போன்ல?" என்று கேட்டார். "பூக்காரன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை அக்கா. அது தானாக வாயில் வந்தது. வான் திரும்பி வந்தபோது ஹியூபேட்டின் முகத்தைப் பார்த்த உடனேயே ஏதோ நடந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயந்து நான் கேட்கவில்லை. கலியாணம் நடக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். பிறகு உங்கள் மேல் கோபப்பட்டு ஒரு கடிதம் எழுதினால், அந்தக் கோபம் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். நீங்கள் பிழை உங்களுடையது என்று பதில் எழுதியதும் அதை இரண்டாம் தரம் வாசிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

பதில் எழுதத் தொடங்கிப் பலமுறை கிழித்தேன். எழுதுவதால் சரிவராது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் பஸ்ஸில் வருகிறேன். தனியாக. நீங்கள் கதவைத் திறக்காவிட்டால் படியில் இருக்கிறேன். பூமணி அக்கா வந்து என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன்.

வழியில் அந்தச் சாவடியில் எல்லோரையும் இறக்குவார்கள். என்னுடைய அட்டையிலும் பிறந்த இடம் யாழ்ப்பாணம்தான், உங்களுக்குத் தெரியும். இத்தனை வருடமாக அட்டையை அவர்கள் விரித்துப் பார்க்குமுன் சிங்களத்தில் சிரித்துக் கதைத்துத் தப்பிவந்திருக்கிறேன். எங்கே போகிறாய் என்று கேட்டால் கடைக்கு என்பேன், கோயிலுக்கு என்பேன்.

நேற்று அவர் வெளியே போனபிறகு சமையலறையில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். "மகே அக்காகே கெதரட்ட." என் அக்கா வீட்டுக்கு. இருபது வருடம் கதைக்கிற பாஷை, இந்த ஒரு வசனத்துக்கு நாக்குத் தடுக்கிறது. இன்றும் சொல்லிப் பார்த்தேன். நேற்றை விடப் பரவாயில்லை.

டோரின்